வீட்டோடு ஓர் ஆள்: பணிவிடை என்னும் சொல்லும் வளைகிற முதுகும்

1

'படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு தங்கும் பெண் ஆள் தேவை. அன்பும் பொறுமையும் உள்ளவர்கள் மட்டும்.'

நாளிதழ்களின் வரிவிளம்பரப் பக்கத்தில் இந்த மாதிரி வாசகங்களைக் கடந்துபோகாதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஒரு கவிதைக்குக் கொடுக்கிற கவனத்தில் கால்வாசியை இந்த இரண்டு வரிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் முயற்சி. இந்தப் பிரதியில் என்ன இல்லை? முதியவரின் எடை இல்லை. கட்டிலின் உயரம் இல்லை. இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கணும் என்பது இல்லை. அவருக்கு என்ன நோய் என்பது இல்லை. கேட்கப்படுவதெல்லாம் அன்பும் பொறுமையும். லாரிக்கு ஆள் தேடுகிறவர் லைசென்ஸ் கேட்கிறார். வெல்டிங்குக்கு ஆள் தேடுகிறவர் அனுபவம் கேட்கிறார். இங்கே மட்டும் குணம் கேட்கப்படுகிறது. குணம் கேட்கப்படுகிற இடத்தில் உழைப்பு மறைந்துபோகிறது. உழைப்பு மறைகிற இடத்தில் அந்த உழைப்பினால் உண்டாகும் காயமும் காயமாகத் தெரிவதில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களின் உடல்மீது நிகழும் சேதத்தை மறைக்கிற திரை, அவர்களைப் புகழும் நம்முடைய மொழியினாலேயே நெய்யப்பட்டிருக்கிறது.

'வீட்டோடு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். உடனிகழ்ச்சிப் பொருளில் வருகிற 'ஒடு' உருபு உயர்ந்ததைச் சார்ந்தே வரும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விதி செய்கிறார். அரசனோடு சேவகன் வருவான். சேவகனோடு அரசன் வருவதில்லை. எம்.ஏ. வகுப்பில் இதை இலக்கணக் குறிப்பாக எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு நாம் போய்விடுகிறோம். ஆனால் உருபு போகவில்லை, வரிவிளம்பரத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'வீட்டோடு ஆள்' என்கிறபோது உயர்ந்தது வீடு. ஆள் அதில் ஒட்டிக்கொண்டிருப்பது. வீட்டோடு ஒட்டிய ஆளுக்கு வேலைக்கு வருகிற நேரமும் இல்லை, வேலை முடிந்து கிளம்புகிற நேரமும் இல்லை. வீடு எப்போதும் வீடுதானே.

2

'பணிவிடை' என்பது அடுத்த சொல். 'பணி' என்றால் வேலை. 'பணி' என்றால் கட்டளை. 'பணி' என்றால் தாழ்ந்து குனி. மூன்று பொருளும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. குனிவதை நம் மொழி 'பணிவு' என்று ஒரு நற்குணமாக மாற்றி வைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது முறை தாழ்வான கட்டிலின்மேல் குனிகிற ஒரு பெண்ணின் இடுப்புக்கு அது குணமல்ல. கீழ்முதுகின் தண்டுவடத் தட்டுகள்மேல் விழுகிற அழுத்தம். மொழி குனிவை அறமாக வாசிக்கிறது; எலும்பு அதை விசையாக வாசிக்கிறது. இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் இடையில்தான் அரசியல் இருக்கிறது.

'தொண்டு' என்பதற்கு அகராதியில் அடிமைத்தனம் என்ற பொருளும் உண்டு. பக்தி இயக்கம் அதை அப்படியே தலைகீழாக்கியது. இறைவனுக்குத் தொண்டன் என்றால் வேறு எவனுக்கும் குடியல்ல என்கிற திமிர் அதில் இருந்தது. திருத்தொண்டர் புராணம் என்னும் பெரிய புராணத்தில் வருகிற அப்பர் கோயில் முற்றத்தைச் செதுக்கிச் சுத்தம் செய்கிறவர். இதில் நம் கண்ணில் படாத ஒரு விஷயம் உண்டு: அப்பரின் கையில் உழவாரம் இருந்தது. தொண்டுக்கு ஒரு கருவி இருந்தது. நம் காலத்து வீட்டுப் பராமரிப்பாளருக்குத் தொண்டின் பெருமையைக் கொடுக்கிறோம், உழவாரத்தைக் கொடுப்பதில்லை. ஒரு நோயாளியைத் தூக்குகிற பட்டை, சறுக்கி நகர்த்துகிற விரிப்பு, உயர்த்தித் தாழ்த்தக்கூடிய கட்டில், ஒரு பெட்டி கையுறை - இவை தொண்டின் சொல்லாடலுக்குள் வருவதே இல்லை. கேட்டால், 'அம்மா புள்ளைய தூக்கறதுக்கு மெஷினா வெச்சுக்கிறா?' என்று பதில் வருகிறது.

வீட்டு வேலைக்குக் கூலி கேட்ட 1970களின் பெண்ணிய இயக்கத்தில் சில்வியா ஃபெடரிசி போன்றவர்கள் சொன்னது இதைத்தான்: உழைப்புக்கு அன்பு என்று பெயர் சூட்டிவிட்டால் அதற்கு விலை கேட்பதே அசிங்கமாகிவிடும். நான் இதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். விலை கேட்பது மட்டுமல்ல, வலிக்கிறது என்று சொல்வதே அசிங்கமாகிவிடுகிறது. அன்பு வலிக்கலாமா?

3

வலியின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். தொண்ணூறுகளிலிருந்து தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் 'உடல்' என்ற சொல் புழங்கிவருகிறது. உடலின் அரசியல், உடலின்மேல் எழுதப்படும் அதிகாரம் என்றெல்லாம் நமக்கு முந்தைய தலைமுறை நிறையவே எழுதியது. அதில் கற்றுக்கொண்டவன்தான் நானும். ஃபூக்கோ பாசறையை, பள்ளியை, மருத்துவமனையை, தொழிற்சாலையைக் காட்டினார். ஆனால் அந்த உடலுக்கு இடுப்பு வலித்ததா என்று யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

அமெரிக்காவில் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் ஓர் அளவைச் சொன்னார். ஒரு நோயாளியைக் கருவி இல்லாமல் கையால் தூக்கும்போது ஒருவர்மேல் விழலாகிற எடை 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோ. எல்லாச் சூழ்நிலையும் சரியாக அமைந்தால் ஒரு பெட்டிக்கு அதே நிறுவனம் வைத்திருக்கும் அளவு 23 கிலோ. மனிதருக்கு ஏன் குறைவு? பெட்டி திடீரென்று திமிறாது. பெட்டிக்குப் பயம் கிடையாது. பெட்டியின் ஒரு பக்கம் பக்கவாதத்தால் செயலிழந்து மறுபக்கம் நம் கழுத்தைக் கட்டிப் பிடிப்பதில்லை. நம் வீடுகளில் படுத்திருக்கும் முதியவர் இளைத்துத் துரும்பாகிப்போனவர் என்று வைத்தாலும் நாற்பது, நாற்பத்தைந்து கிலோ இருப்பார். தூக்குகிறவள் ஒருத்தி.

மருத்துவமனை வார்டில் நோயாளியைக் கட்டில் மாற்றும்போது இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் நின்று, விரிப்பைப் பிடித்து, 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணித் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்பது வெறும் எண் அல்ல. அது ஒரு தொழில்நுட்பம், கூட்டுழைப்பின் இலக்கணம். அதே நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோவிலோ ஆம்புலன்ஸிலோ வீட்டுக்கு வந்து இறங்கியதும் அந்த மூன்று பேரும் காணாமல் போகிறார்கள். கட்டில் சுவரை ஒட்டிப் போடப்பட்டிருக்கும். ஒரு பக்கம்தான் நிற்க முடியும். குளியலறை வாசலில் ஒரு படி இருக்கும். சக்கர நாற்காலி உள்ளே போகாது. அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குவாள். அதனால் பக்கவாத நோயாளியின் தோள்மூட்டு நழுவவும் கூடும். ஒரே செயலில் இரண்டு உடல்கள் கெடுகின்றன.

இரவுக்கு வருவோம். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது செவிலியர் பயிற்சியின் பால பாடம். இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு முறை. இரவு பத்திலிருந்து காலை ஆறுக்குள் ஐந்து முறை. 'ராத்திரி தூங்கிக்கலாம், பகல்லதான் வேலை' என்று ஏஜென்சிக்காரர் சொல்வதும், 'புண்ணே வரக்கூடாது' என்று மகன் சொல்வதும் ஒன்றையொன்று மறுக்கிற வாக்கியங்கள். இரண்டையும் உண்மையாக்குவது அவளுடைய தூக்கம் மட்டுமே. சென்னையில் பல ஆண்டுகள் இந்த வேலை செய்த ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: 'தூங்கறதுன்னு இல்ல தம்பி. கண்ண மூடினாலும் காது தொறந்துதான் கெடக்கும். அவர் இருமலன்னாதான் பயமா இருக்கும்.' தன் நேரத்தைத் தன் விருப்பப்படி செலவிட முடியாமல் வீட்டாரின் அழைப்புக்காகக் காத்திருக்கிற நேரத்தை வேலை நேரமாகக் கருதுவது பற்றி, வீட்டுத் தொழிலாளருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு 189ஆம் உடன்படிக்கை பேசுகிறது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை.

பிறகு ஊசி. மருத்துவமனையில் பயன்படுத்திய ஊசியைப் போட 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி துளைபடாத வெள்ளைப் பெட்டி உண்டு. வீட்டில் இன்சுலின் போட்டபின் ஊசி எங்கே போகிறது? பழைய தண்ணீர் பாட்டிலில், அல்லது சமையலறைக் குப்பைக் கூடையில். ஊசி முனையில் திரும்ப மூடியைச் செருகும்போதுதான் விரலில் குத்துகிறது. மருத்துவமனை ஊழியருக்கு மூன்று தவணையாகப் போடப்படும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இவளுக்குப் போட வேண்டும் என்று எந்த வீட்டில் யோசிக்கிறார்கள்? 'சும்மா சளிதான்' என்று சொல்லி வேலைக்கு வைத்து, அது காசநோய் என்று அவள் மாத்திரை அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் நடக்கிறது. நோயை மறைப்பது குடும்ப மானத்தின் பொருட்டு. மூச்சு இழுப்பது அவள்.

4

'பாரம்' என்றொரு திரைப்படம். பிரியா கிருஷ்ணசாமி இயக்கி, 66ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்வு பெற்றது. விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து மகனின் கிராமத்து வீட்டுக்குக் கொண்டுவரப்படும் முதிய இரவுக் காவலாளியையும் தலைக்கூத்தல் என்னும் கொலைமரபையும் பற்றிய படம். அதன் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் தலைப்பில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பாரம் அங்கே உருவகம். குடும்பத்துக்கு முதியவர் பாரமாகிப்போகிறார் என்ற பொதுப்புத்தியின் உருவகத்தைப் படம் விமர்சிக்கத்தான் செய்கிறது. உருவகமாவதற்கு முன்னால் பாரம் என்பது கிலோ கணக்கில் இருந்தது என்பதுதான் என் வாதம். கிலோவாக இருந்தபோதே அதற்கு ஒரு நெம்புகோலும் இன்னொரு ஜோடிக் கையும் கிடைத்திருந்தால் அது உருவகமாக வளர்ந்திருக்க வேண்டியதில்லை.

இது மாற்றுத்திறனாளர் இயக்கத் தோழர்களோடு பேச வேண்டிய இடம். பராமரிப்பவரின் காயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே, 'அப்போ நாங்க பாரம்னு சொல்ல வர்றீங்களா?' என்று அவர்கள் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். 'சுமை' என்ற சொல்லால் அவர்கள் நூற்றாண்டுகளாக அடிக்கப்பட்டிருக்கிறார்கள். தொழிற்சங்கத் தோழர்களுக்கோ, நோயாளியின் உரிமை பேசினால் தொழிலாளியின் உரிமை கரைந்துவிடும் என்ற அச்சம். இப்படி எதிரெதிரே நிறுத்தப்பட்டிருப்பதே ஒரு ஏற்பாடு. ஆபத்து இருக்கிற இடம் படுத்திருப்பவரின் உடல் அல்ல. தாழ்வான கட்டில், குறுகிய கழிவறை வாசல், வராத இரண்டாவது ஆள், வாங்கித் தரப்படாத விரிப்பு. அவள் முதுகு பிடித்துக்கொண்டு தடுமாறினால் கீழே விழப்போவது அவரும்தான். அக்குளில் பிடித்து இழுக்கப்படாமல் கௌரவமாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் உரிமையும், இடுப்பு ஒடியாமல் வேலை செய்யும் உரிமையும் ஒரே கருவியைத்தான் கேட்கின்றன. இரண்டு இயக்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது.

5

யார் அள்ளுகிறார்கள் என்பதைப் பேசாமல் தமிழில் இந்த விஷயத்தைப் பேசிவிட முடியாது. சமையலுக்கு ஆள் வைக்கும்போது 'நம்ம ஆளுங்களா?' என்று நாசூக்காக விசாரிக்கிற வீடுகள், டயாப்பர் மாற்ற ஆள் வைக்கும்போது 'யாரா இருந்தா என்ன, நல்லா பாத்துக்கிட்டா சரி' என்று சமத்துவவாதிகளாகிவிடுகின்றன. இந்தச் சமத்துவம் மலத்தருகே மட்டும் வருகிற சமத்துவம். பாட்டியின் உடம்பு முழுவதையும் துடைக்கிற கை, பூஜை அறைக் கதவைத் தொடக் கூடாது. தட்டும் தம்ளரும் தனி. தீட்டு என்பது இங்கே வெறும் பண்பாட்டுக் கருத்து அல்ல. அது ஒரு தொழில்சார் ஆபத்து. கையுறை கேட்கும் அவளிடம் 'அருவருப்பா இருக்கா?' என்று கேட்கிறார்கள். தொற்றுக்கு எதிரான பாதுகாப்பை அன்பின் குறைபாடாக வாசிக்கிறார்கள். தீட்டுப் பார்க்கிற உரிமை வீட்டுக்காரருக்கு மட்டுமே உரியது.

அடுத்தது பூட்டிய கதவு. மறதி நோய் முற்றிய முதியவர் அடிப்பார், கடிப்பார், கிள்ளுவார், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் பல்தடம் பல்தடம்தான். புத்தி தெளிவாக இருக்கிற தாத்தாவின் கையும் சில வீடுகளில் நீளும். தாத்தாவின் மகனுடைய கையும் நீளும். 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்று சொல்கிறது. மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம் என்கிறது. குழு எங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சொல்வது யார்? அவள் வாயைத் திறந்தால், 'மோதிரத்தைக் காணோம்' என்ற வாக்கியம் தயாராக இருக்கிறது. திருட்டுப்பழி இந்தத் தொழிலின் மிகப் பழைய விபத்து. நம் சினிமாவும் அதற்குத் துணைபோகிறது. 'பேரன்பு' (2019) போன்ற நுட்பமான படத்தில்கூட, மூளை முடக்குவாதமுள்ள மகளோடு வாழும் தகப்பன் வீட்டுக்கு உதவிக்கென்று வருகிற பெண் கடைசியில் ஏமாற்றின் பகுதியாக வெளிப்படுகிறாள். தகப்பனின் தவிப்புக்குக் கொடுக்கப்பட்ட ஆழம் அவளுக்கு வாய்ப்பதில்லை.

இன்னொன்று, சாவு. மற்றத் தொழிலாளிக்கு ஆலை மூடினால்தான் வேலை போகும். இவளுக்கு ஒரு மனிதர் கண்ணை மூடினால் போகும். இரண்டு வருடம் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவரின் உடலைக் கடைசியாகத் துடைத்துவிட்டு, உறவுகள் வந்து இறங்கும்போது அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். கருமாதிக்கு அழைப்பு வந்தாலும் வரும், வராமலும் போகும். துக்கமும் வேலையிழப்பும் ஒரே நாளில். அன்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, அதுதான் சிக்கல். 'வீட்டுல ஒருத்தி மாதிரி' என்பதில் உள்ள 'மாதிரி' என்ற சொல்லின் முழு அர்த்தமும் அன்றைக்குத்தான் தெரியவருகிறது.

6

ஒரு சொல் எப்படிச் சட்டமாகிறது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே 1974இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை வீட்டுத் தொழிலாளருக்கு விரித்தபோது, முதுமையாலோ நோயாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாதவர்களுக்குத் 'துணையாக' இருப்போரை மட்டும் விலக்கி வைத்தார்கள். துணை. பேச்சுத் துணை, வழித்துணை என்கிறோமே, அந்தத் துணை. ஜமைக்காவில் பிறந்த ஈவ்லின் கோக் நியூயார்க்கில் இருபது ஆண்டுகள் முதியோரை அவரவர் வீட்டில் வைத்துப் பராமரித்தவர். கூடுதல் நேரத்துக்கான கூலி கேட்டு வழக்குப் போட்டார். 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2009இல் அவர் இறந்தார். 2013இல்தான் விதி திருத்தப்பட்டது; 2015இல் நடைமுறைக்கு வந்தது. 2025இல் அதைத் திரும்பப் பெறும் முன்மொழிவை அந்நாட்டுத் தொழிலாளர் துறை வெளியிட்டது. நாற்பது ஆண்டுகள் ஒரு சொல் லட்சக்கணக்கான பெண்களின் கூலியைத் தின்றது. சொல்லாய்வு வெறும் தமிழாசிரியர் வேலை என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதையை யோசிக்க வேண்டும்.

நம் சட்டங்களிலும் இதே வாசிப்பைச் செய்து பார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், 'பராமரிப்பாளர்' என்பவரைப் பணம் பெற்றோ பெறாமலோ பராமரிக்கிற எவரும், பெற்றோரும் குடும்பத்தினரும் உட்பட, என்று வரையறுக்கிறது. ஒரே சொல்லுக்குள் தாயும் தொழிலாளியும் சேர்த்து வைக்கப்படுகிறார்கள். தாயின் தியாகம் தொழிலாளிமேல் ஏறுகிறது. தொழிலாளிக்குரிய பாதுகாப்பு தாய்க்கு வருவதில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் 'நிறுவனம்' என்பது பொதுவாகப் பத்துத் தொழிலாளர் முதல் தொடங்குகிறது. ஒரு கட்டிலும் ஒருத்தியும் உள்ள வீடு அந்தக் கணக்கில் வராது. ஏஜென்சியைக் கேட்டால், 'நாங்க ஆள் அனுப்பி வைக்கிறதோட சரி' என்கிறது. தமிழ்நாட்டில் 2007இலிருந்தே வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. அது நல உதவி தருகிற வாரியம், கட்டிலின் உயரத்தை அளக்கிற வாரியமல்ல. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுத் தொழிலாளருக்கான சட்டக் கட்டமைப்பைப் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி ஒன்றிய அரசைப் பணித்தது. அப்படி ஒரு சட்டம் எழுதப்பட்டால் அதில் எந்தச் சொல் உட்காரப்போகிறது - துணையா, தொண்டா, தொழிலா?

7

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் மேல். அன்றிலிருந்து இந்த மாநிலம் இன்னும் முதுமையடைந்திருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலும் டெக்சாஸிலும் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் வீடுகள் வார்டுகளாகிவிட்டன. வார்டில் இருந்த பாதுகாப்புகள் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. இந்த மாற்றம் நம் புனைவில் எப்படிப் பதிவாகிறது? முதுமையின் தனிமை நிறைய எழுதப்படுகிறது. வெளிநாட்டு மகனின் குற்றவுணர்வு அதைவிட நிறைய எழுதப்படுகிறது. ஆயா கதையின் ஓரத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து போகிறாள்; நல்லவளாக இருந்தால் கண்ணீர் விடுகிறாள், கெட்டவளாக இருந்தால் நகையை எடுக்கிறாள். அவளுக்கு முதுகு கிடையாது.

அவளைத் தெய்வமாக்கி ஒரு கதை எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது போதுமான அளவு நடந்துவிட்டது. எழுதுகிற நண்பர்களிடம் கேட்பது சில எளிய தகவல்கள்தான். உங்கள் கதையில் அந்தக் கட்டில் எவ்வளவு உயரம்? சுவரை ஒட்டி இருக்கிறதா? பெரியவரைத் திருப்பிப் போடும்போது அவள் எந்தக் காலை ஊன்றுகிறாள்? பயன்படுத்திய ஊசி எங்கே போனது? அவள் ராத்திரி படுப்பது எங்கே, தரையிலா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் எழுதப்படுகிற கருணை, விளம்பரம் கேட்ட அன்பும் பொறுமையும்போலத்தான் வேலை செய்யும்.

சங்கம் வைக்கிற நண்பர்களிடம் கேட்பதும் அதுவே. கூலி உயர்வுக் கோரிக்கையின் பக்கத்தில் இன்னும் ஐந்து வரிகளைச் சேருங்கள்: நோயின் பெயர் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும்; கையுறையும் தடுப்பூசியும் ஊசிப்பெட்டியும் வீட்டுக்காரர் செலவு; தூக்குவதற்குக் கருவி, இல்லையென்றால் இரண்டாவது ஆள்; இரவில் எழுந்தால் அது வேலை நேரம்; பெரியவர் இறந்தால் ஒரு மாதச் சம்பளம். இந்த ஐந்து வரிகளிலும் அன்பு என்ற சொல் இல்லை. அன்பு வேண்டாமென்றல்ல, அதை விண்ணப்பத்தில் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.